ஆறு முறையும் சரி

...வேறு ஏதாவது தப்பு, கொஞ்சம் சின்னதாக, பார்க்க லட்சணமாக, சொன்னால் கேட்கிறவருக்குச் சிரிப்பும் வர வேண்டும் என்மேல் மரியாதையும் வர வேண்டும், அப்படி ஒன்றைக்கூடவா இருபத்தோரு வருஷத்தில் நான் செய்யாமல் இருந்திருப்பேன், யோசிடா, யோசி, இன்னும் பத்து நிமிஷம்தான். காலையிலிருந்து மூன்று சுற்று முடிந்துவிட்டது, மூன்றும் கணக்கு, மூன்றும் கை தானாக எழுதிவிட்டது, வெள்ளைப் பலகையில் எழுதி அழித்து எழுதி விரலெல்லாம் நீல மை. இனி இருப்பது கடைசிச் சுற்று, அதில் கணக்கே கிடையாதாம், "சும்மா பேசிக்கிட்டிருப்பாங்க, பயப்படாதீங்க" என்று வரவேற்பில் இருந்த பெண் சொன்னாள், சும்மா பேசுவது என்றால்தான் எனக்கு உதறலே. காத்திருக்கும் அறையில் எட்டு நாற்காலி, காலையில் எட்டும் நிறைந்திருந்தது, ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு பேர் மூன்று பேர் என்று எழுந்து போய்த் திரும்பி வராமல், இப்போது நான் ஒருவன்... அப்படியானால் வேலை கிட்டத்தட்ட என் பையில், இப்படி நினைத்ததுமே உள்ளங்கை வியர்த்தது, சட்டையில் துடைக்காதே, அக்கா வாங்கித் தந்த சட்டை. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் ஆட்கள் அட்டையைக் காட்டிக் காட்டிப் போய் வருகிறார்கள், கழுத்தில் அந்த அட்டை என்னமாய் ஆடுகிறது, எனக்கும் ஒன்று கிடைத்தால் அம்மா அதைக் கழற்றவே விட மாட்டாள், குளிக்கும்போதும் போட்டுக்கோ என்பாள்.

நேற்றுச் சாயங்காலம் அக்கா போனிலேயே எனக்குப் பயிற்சி கொடுத்தாள். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ், டூட்டி மாறும் இடைவெளியில் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு அதிகாரி மாதிரிக் குரலைக் கனமாக்கி, "உங்க வாழ்க்கையில நீங்க செஞ்ச பெரிய தப்பு என்ன? அதுல இருந்து என்ன கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டாள். இந்தக் கேள்வி கட்டாயம் வருமாம், எல்லாக் கம்பெனியிலும் வருமாம். "நான் ரொம்பக் கடுமையா உழைச்சிடுவேன், அதான் என் தப்பு" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "எருமை, இதைச் சொன்னேன்னா எழுந்து போடான்னு சொல்லிடுவாங்க. நிஜமா ஒரு தப்பு சொல்லு." நிஜமாய் என்றால்? அவளே சொன்னாள், போன வருஷம் ஒரு பெரியவருக்கு மருந்து அளவைச் சீட்டில் இரட்டிப்பாக எழுதிவிட்டாளாம், எழுதி நாலு நிமிஷத்தில் கண்ணில் பட்டதாம், ஓடிப்போய்த் தலைமை நர்ஸிடம் சொன்னாளாம், வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி வாங்கிக் கட்டிக்கொண்டாளாம். "அழுகையா வந்துச்சு, ஆனா ராத்திரி தூங்கினேன்டா" என்றாள். நான் ம் என்றேன். நாலு நிமிஷம். எனக்கு ஏழு மாதம் ஆகிறது. அக்கா, எனக்கும் ஒன்று இருக்கிறது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அதற்குள் அவளை யாரோ கூப்பிட்டார்கள், கூப்பிட்டது நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்தேனே, அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

கல்லூரிகளுக்கு இடையே நிரல் எழுதும் போட்டி ஒன்று வருஷா வருஷம் நடக்கிறது, உலகம் முழுக்க, ஒரு குழுவுக்கு மூன்று பேர், மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே கணினி, ஐந்து மணி நேரம், பத்துப் பன்னிரண்டு கேள்வி. அதில் நன்றாகச் செய்தவர்களை இப்படிப்பட்ட கம்பெனிகள் வலைவீசிப் பிடித்துக்கொண்டு போகும். நான் இரண்டு தடவை போய் வந்தவன், அதற்கு மேல் என்னைச் சேர்க்க விதி இடம் கொடுக்கவில்லை, அதனால் கடைசி வருஷம் எங்கள் பயிற்சியாளர், நாங்கள் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம், அவர் என்னைக் கூப்பிட்டு, "இந்தத் தடவை டீம் செலக்‌ஷனுக்கு நீயே கேள்வி போடு" என்றார். என்ன பெருமை எனக்கு! சுயவிவரத்தில் மூன்றாவது வரியில் இருக்கிறது, கேள்வி தயாரித்தவன், விடை சரிபார்த்தவன் என்று, தடித்த எழுத்தில். ஐந்து கேள்வி, மூன்று மணி நேரம், இருபத்திரண்டு பேர் எழுத வேண்டும், முதல் மூன்று பேர் குழு. மாஸ்டர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார், ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு பேர் தனித்தனியாக விடை எழுதி, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் வைக்க வேண்டும். சரி மாஸ்டர் என்றேன். இரண்டாவது ஆளை எங்கே தேடுவது, நன்றாக எழுதுகிறவர்கள் எல்லாரும் போட்டியில் உட்காருகிறார்கள், என் அறைத்தோழன் தாடிகூட உட்காருகிறான்... நான் என்ன செய்தேன், என் விடைக் கோப்பையே இன்னொரு பிரதி எடுத்து வேறு பெயர் வைத்தேன். இரண்டையும் ஒப்பிட்டேன். ஒத்துப்போயிற்று! ஒத்துப்போகாமல் என்ன செய்யும், என் மூஞ்சியை நானே கண்ணாடியில் பார்த்துவிட்டு ஆமாம் நீதான் என்று கையெழுத்துப் போட்ட கதை.

இரண்டாவது கேள்வி சப்பைக் கேள்வி. வரிசையாக லட்சம் பேர் நிற்கிறார்கள், ஒவ்வொருவர் உயரமும் கொடுக்கப்பட்டிருக்கிறது, ஒரே உயரமுள்ள ஜோடிகள் எத்தனை. அவ்வளவுதான். கணினியில் எண்ணைப் போட்டு வைக்க இரண்டு அளவில் டப்பா உண்டு, சின்ன டப்பாவின் பெயர் இன்ட், அதில் இருநூற்றுப் பதினான்கு கோடி சொச்சம் வரைக்கும்தான் கொள்ளும், அதற்கு மேல் போட்டால் வழிந்து வேறு ஏதோ எண்ணாகிவிடும், கணினி ஒரு வார்த்தை சொல்லாது. பெரிய டப்பா லாங். முதல் வருஷத்துப் பிள்ளைக்கும் தெரிந்த சமாச்சாரம். எழுதுகிறவர்களின் நிரலைக் கணினி பல சோதனைகளில் ஓட்டி, வருகிற எண்ணை என் விடை நிரலின் எண்ணோடு ஒப்பிட்டுப் பச்சையோ சிவப்போ காட்டும். பதினேழாவது சோதனையில் லட்சம் பேரையும் ஒரே உயரமாக வைத்திருந்தேன், கெட்டிக்காரத்தனமாம், அப்போது ஜோடிகள் ஐந்நூறு கோடிக்கு ஐம்பதாயிரம் குறைவு. என் விடை நிரலில் நான் வைத்திருந்தது சின்ன டப்பா. வழிந்து போய் அது காட்டிய எண் எழுபது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து எண்பத்திரண்டாயிரத்து எழுநூற்று நான்கு. கழித்தல் குறியோடு வந்து தொலைத்திருந்தால் என் குருட்டுக் கண்ணிலும் பட்டிருக்கும், இது பார்க்க எவ்வளவு யோக்கியமான எண், யாருக்குச் சந்தேகம் வரும்? ஆக என்னைப் போலவே அலட்சியமாகச் சின்ன டப்பாவில் எழுதினவர்களுக்கெல்லாம் பச்சை விளக்கு, தாடிக்குப் பச்சை. ஒழுங்காகப் பெரிய டப்பாவில் எழுதினவர்களுக்குச் சிவப்பு. சிவப்பு வாங்கினவர்களில் மற்றவர்கள் சரி போகட்டும் என்று அடுத்த கேள்விக்குத் தாவிவிட்டார்கள். அவள் தாவவில்லை.

அவள் எனக்கு ஒரு வருஷம் இளையவள். அன்றைக்கு வேறு யாராலும் தொட முடியாத ஐந்தாவது கேள்வியை முதல் ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு, கடைசியில் சுலபமாய் வாயில் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டு வைத்திருந்த இரண்டாவதுக்கு வந்தாள். பதினேழாவது சோதனையில் தவறு என்று வந்தது. இன்னொரு விதமாக எழுதினாள், தவறு. உயரங்களை வரிசைப்படுத்தி எழுதினாள், தவறு. ஆறு தடவை, சரியான விடையையே ஆறு விதமாக எழுதினாள், தப்பாக எழுத மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை. நடுவில் இரண்டு தடவை எனக்குச் செய்தி அனுப்பினாள், விதிப்படி அப்படிக் கேட்கலாம், "பதினேழாவது சோதனையை ஒருமுறை சரிபார்க்க முடியுமா?" என்று. நான் நடுவர் மேஜையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். இப்படிக் கேட்கிறவர்களுக்கு அனுப்ப ஆகிவந்த பதில் ஒன்று உண்டு, அதையே தட்டினேன், கேள்வியை மீண்டும் கவனமாகப் படிக்கவும். இரண்டு தடவையும். தட்டும்போது ஒரு சுகம் இருந்தது, பொய் சொல்லக் கூடாது, இருந்தது, பெரிய ஆள் ஆகிவிட்ட சுகம். மூன்றாவது வரிசையில் அவள் தலையைக் குனிந்துகொண்டு கேள்வித்தாளில் விரலை வைத்து வரிவரியாகப் படித்ததை நான் பார்த்தேன். கவனமாகத்தான் படித்தாள், பாவம், நான் சொன்ன மாதிரியே. நாலாவது இடம். மூன்றாவது இடம் தாடி.

மூன்று நாள் கழித்து எனக்குத் தெரிந்தது. அந்தக் கேள்விகளை மற்றவர்கள் பயிற்சிக்குப் போட்டுப் பார்க்கட்டும் என்று துறையின் இணையப் பக்கத்தில் ஏற்றுவதற்காக, வழிந்தே போகாத வேறு மொழியில் ஒரு விடை எழுதி ஓட்டினேன், ஒரே ஒரு வரி ஒத்துப்போகவில்லை, பதினேழு. முதலில் அவள் முகம் நினைவுக்கு வந்தது என்று சொன்னால் நன்றாக இருக்கும், வரவில்லை, மாஸ்டர் முகம்தான் வந்தது, 'ரெண்டாவது விடையை யாருப்பா எழுதினது?' என்று அவர் கேட்பது வந்தது, பிரதி எடுத்த கோப்பின் பெயர் வந்தது. குழுவின் பெயர்களை மாஸ்டர் அன்று காலைதான் அனுப்பியிருந்தார், மாற்ற இன்னும் ஒன்பது நாள் இருந்தது. ஒன்பது நாள்! ஒவ்வொரு நாளும் சாப்பிட்டேன், தூங்கினேன், மாஸ்டர் அறை வாசல் வரைக்கும் மூன்று தடவை போனேன், ஒரு தடவை உள்ளேயே போய்விட்டேன், "என்னப்பா?" என்றார், "ஒண்ணுமில்ல மாஸ்டர், பிரின்டருக்குப் பேப்பர் வேணும்" என்றேன். பேப்பர் கட்டோடு திரும்பி வந்தேன். அறையில் தாடி பயிற்சி போட்டுக்கொண்டிருந்தான், அவன் அப்பாவுக்குப் போன் செய்து செலக்ட் ஆயிட்டேன்பா என்று சொன்னதை நான் பக்கத்துக் கட்டிலில் இருந்து கேட்டிருக்கிறேன், அவனுக்காகத்தான் சொல்லவில்லை என்று ஒரு சப்பைக்கட்டு அப்போதே தயாராகிவிட்டது. சும்மா. எனக்காகத்தான்.

அதோடு விட்டேனா? இரண்டாவது கேள்வியை மட்டும் பயிற்சிப் பக்கத்தில் ஏற்றவே இல்லை. ஒரு நாள் ஆய்வகத்தில் என் பின்னால் வந்து நின்றாள், "அண்ணா, அந்த ரெண்டாவது கேள்வி மட்டும் காணோமே? எங்க தப்பு பண்ணேன்னு பாக்கணும்" என்றாள். "சர்வர் மாத்தினப்போ போயிடுச்சும்மா" என்றேன், வாய் கூசாமல். "பரவால்லண்ணா" என்று போனாள். அதற்குள் ஆய்வகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் வந்திருந்தது, அரை டஜன். ஆறு தப்பு வாங்கினவள் அல்லவா! யார் ஆரம்பித்தார்களோ தெரியாது, நான் இல்லை, ஆனால் நானும் கூப்பிட்டேன், எல்லாரும் கூப்பிடும்போது நான் மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஏன் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று, அரை டஜன் அந்தக் கதவைச் சாத்திட்டு வா, அரை டஜன் டீ சாப்பிட வரியா. அவளும் சிரித்துக்கொண்டு திரும்பிப் பார்ப்பாள். கொஞ்ச நாளில் பயிற்சிக்கு வருவதை நிறுத்திவிட்டாள், "எனக்கு இதெல்லாம் வராதுண்ணா, ரொம்ப நிச்சயமா சரின்னு தோணறதே எனக்குத் தப்பா இருக்கு, அப்புறம் எதை நம்பி எழுதறது?" என்றாள் ஒருமுறை, சாதாரணமாகத்தான் சொன்னாள், ஏதோ தனக்கு உயரம் போதாது என்று சொல்கிற மாதிரி. இப்போது வகுப்பு இல்லாத நேரத்தில் கல்லூரி நூலகத்தில் புத்தகப் பட்டியலைக் கணினியில் ஏற்றுகிறாள். மண்டலப் போட்டி எங்கள் கல்லூரியிலேயே நடந்தது, ஒரு கேள்வி முடித்தால் அந்தக் குழுவின் மேஜையில் ஒரு பலூன் கட்டுவார்கள், பலூன் கட்டும் தொண்டர்களில் அவளும் ஒருத்தி. நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு தாடியின் நாற்காலியில் அவள் பச்சைப் பலூன் கட்டினாள். எங்கள் குழு முப்பத்தோராவது.

கதவு திறந்தது, என் பெயரைச் சொன்னார்கள், எழுந்தேன். உள்ளே சின்ன அறை, ஒரு மேஜை, நாற்பது வயதிருக்கும் ஒரு மேடம், மூக்கு சிவந்து, கையில் கைக்குட்டை, சரியான ஜலதோஷம். "கை குடுக்க மாட்டேன், உங்களுக்கும் ஒட்டிக்கும்" என்று சிரித்தார். நல்ல மாதிரி. அது இன்னும் பயமாக இருந்தது. அவரும் காலேஜ் நாளில் இதே போட்டிக்குப் போனவராம், மூன்று பேர் ஒரு கீபோர்டுக்கு அடித்துக்கொண்டதைச் சொன்னார், நான் சிரித்தேன், வீட்டைப் பற்றிக் கேட்டார், அக்காவைப் பற்றிச் சொன்னேன், பரவாயில்லையே, ஓடுகிறதே பேச்சு என்று நினைத்தபோது தும்மினார், துடைத்துக்கொண்டார், "சரி, நீங்க பண்ண பெரிய தப்பு ஒண்ணு சொல்லுங்க. அழகா பாலிஷ் போட்ட தப்பு வேண்டாம், அது தினம் பத்து கேட்டுட்டேன்" என்றார். என்னிடம் ஒன்று தயாராகத்தான் இருந்தது, கடைசி நிமிஷத்தில் காப்பி இயந்திரத்தின் பக்கத்தில் நின்று ஜோடித்தது, ஒரு ப்ராஜெக்ட், ஒரு கெடு தேதி, ஏதோ. அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவர் கைக்குட்டையை மடியில் வைத்துக்கொண்டு அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார், நிஜமாகவே கேட்கப் போகிற ஆளாக, ஏழு மாதத்தில் இந்தக் கதையைக் கேட்க யாரும் இப்படி என் எதிரில் உட்கார்ந்ததில்லை... "மேடம், நான் ஒரு செலக்‌ஷனுக்குக் கேள்வி போட்டேன்" என்று ஆரம்பித்துவிட்டேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். கோப்பைப் பிரதி எடுத்ததைச் சொன்னேன், காது எரிந்தது, அவர் முகத்தைச் சுளிக்கவில்லை. சின்ன டப்பாவைச் சொன்னதும் நிமிர்ந்தார், "எவ்வளவு காட்டுச்சு? மைனஸா?" என்றார். "இல்ல மேடம், எழுபது கோடி சொச்சம்." "அடடா, ஒரு முழு சுத்து சுத்தி ப்ளஸ்லயே வந்து நின்னுடுச்சா!" என்று மேஜையைத் தட்டினார், இந்த வலியை அறிந்தவர். அவள் ஆறு தடவை எழுதியதைச் சொன்னேன், கேள்வியை மீண்டும் கவனமாகப் படிக்கவும் என்று நான் தட்டியதையும் சொன்னேன், சொல்லும்போது நெஞ்சில் ஏழு மாதமாக உட்கார்ந்திருந்தது மெல்ல நகர்கிற மாதிரி இருந்தது, ஆகா, இவ்வளவுதானா, இவ்வளவு சுலபமா, அக்கா, நானும் இன்றைக்குத் தூங்குவேன்... "மூணு நாள் கழிச்சுதான் எனக்குத் தெரிஞ்சது மேடம்" என்றேன். "சரி," என்றார், பேனாவை எடுத்தார், "தெரிஞ்சதும் என்ன பண்ணீங்க?"

என்ன பண்ணினேன்? ஒரு நொடி, அல்லது அதிலும் பாதி, அதற்குள் நான் ஒன்றும் யோசிக்கவில்லை, சத்தியமாக யோசிக்கவில்லை, வாய் தானாகப் பேசியது, "உடனே மாஸ்டர்கிட்ட போய்ச் சொல்லிட்டேன் மேடம், மறுபடி எல்லா விடையையும் ஓட்டிப் பாத்தோம், அவங்க டீமுக்கு வந்துட்டாங்க." உடனே, என்றேன். அந்தச் சொல் எவ்வளவு வழவழப்பாக வந்தது. "அந்த மூணாவது பையன்?" "அவனே புரிஞ்சுக்கிட்டான் மேடம், என் ரூம்மேட்தான்." தாடியையும் பெருந்தன்மைக்காரன் ஆக்கிவிட்டேன், அவனுக்குத் தெரியவே தெரியாத ஒன்றில். "திட்டினாரா மாஸ்டர்?" "நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன் மேடம்" என்றேன், அது அக்காவுடைய வாக்கியம், அக்காவின் நாலு நிமிஷத்தையும் திருடிப் போட்டுக்கொண்டேன். மேடம் எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்து நிமிர்ந்து, "பதினஞ்சு வருஷமா இதே கேள்விய கேக்கறேன், நிஜமான தப்பைச் சொன்னவங்க நாலஞ்சு பேர்தான் இருப்பாங்க. நீங்க ஒருத்தர்" என்றார். நன்றி மேடம் என்றேன். நன்றி என்றேனே! இத்தனை நாள் மறைத்தபோதுகூட இப்படிக் கூசியதில்லை, அப்போது நான் வெறும் கோழை, இப்போது அதையே கழுவித் துடைத்துப் பளபளவென்று மேஜையில் வைத்து விற்றாயிற்று, அவளுடைய ஆறு தடவையையும் சேர்த்து விற்றாயிற்று.

அதோடு முடிந்திருந்தால்... மேடம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு அந்தப் பொண்ணுதான் மனசுலயே நிக்கறாங்க" என்றார். "ஆறு தடவை தப்பு தப்புன்னு சொல்லியும் லாங்க இன்ட்டா மாத்தலையே! அந்த மாதிரி ஆள்தான் எனக்கு வேணும். ட்ரெய்னி இடம் ரெண்டு இருக்கு, அவங்க பேரும் நம்பரும் எழுதுங்க, நாளைக்குக் காலைல நானே பேசறேன். அவங்க பக்கத்துல இருந்து இந்தக் கதைய கேக்கணும் எனக்கு." சின்ன மஞ்சள் தாளை என் பக்கம் தள்ளினார். பேனாவை வாங்கினேன். நம்பர் தெரியாது மேடம் என்று சொல்லலாம், அது நினைப்பில் வந்தது, வராமல் இல்லை, இன்னொரு தடவை அவளை வெளியே நிறுத்திவிட ஒரு வாக்கியம் போதும். எழுதத் தொடங்கினேன், முதல் எழுத்தைப் போட்ட பிறகுதான் பார்க்கிறேன், அ போட்டிருக்கிறேன், அவள் பெயர் அ-வில் ஆரம்பிக்காது, அரை டஜன் என்று எழுதப் போயிருக்கிறேன். அடித்தேன். பெயரை எழுதினேன், எண்ணை எழுதினேன், ஒரு இலக்கமும் மாற்றவில்லை, அதற்காக நெஞ்சு ஒரு கணம் நிமிர்ந்தது பார், ஏதோ தர்மம் செய்துவிட்ட மாதிரி, அடப்பாவி. "உங்களுக்கு நான் டிக் போட்டுட்டேன், சாயங்காலம் மெயில் வரும்" என்றார் மேடம். எழுந்தேன். நாற்காலியை ஒழுங்காக உள்ளே தள்ளிவிட்டு வந்தேன்.

லிஃப்ட்டுக்குக் காத்திருக்க முடியவில்லை, படியில் இறங்கினேன், ஐந்து மாடி. நாளைக் காலை. மேடம் அவளிடம் என்ன கேட்பார், 'மறுபடி ஓட்டிப் பாத்ததுல டீமுக்குள்ள வந்தீங்களாமே' என்று கேட்பார், அவள் 'இல்லையே மேடம்' என்பாள், அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது, பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் புரிந்துகொள்வார்கள், அவள் சரி என்பது, நான் யார் என்பது. வேலை போகும். அம்மா கேட்பாள், அக்கா கேட்க மாட்டாள், அது இன்னும் மோசம். திரும்பி மேலே ஏறிப் போய் மேடம், அந்த உடனே என்கிற சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள் என்று சொன்னால்? மூன்றாவது மாடியில் நின்றேன், நின்று சுவரில் இருந்த தீயணைப்புக் குழாயின் விளக்கக் குறிப்பை முழுக்கப் படித்தேன், மறுபடி இறங்கினேன். இல்லை, முதலில் அவளிடம் சொல்ல வேண்டும், வேறு யாரிடம் சொல்வதற்கும் முன்னால் அவளிடம், அதுதான் முறை, அவள் திட்டட்டும், காறித் துப்பட்டும். 'உன்கிட்ட ஒண்ணு சொல்லணும், அன்னிக்கு நீ எழுதின ஆறும் சரி, தப்பு என்னோடது.' இவ்வளவுதான் வாக்கியம். படிக்கு ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன், அன்னிக்கு நீ எழுதின ஆறும் சரி, அன்னிக்கு நீ எழுதின ஆறும் சரி, தெருவுக்கு வந்தபோது அது மனப்பாடம் ஆகியிருந்தது. வெயிலில் கண் கூசியது. பேருந்து நிறுத்தத்தின் கம்பியில் சாய்ந்துகொண்டு எண்ணை அழுத்தினேன்.

இரண்டாவது மணி அடிக்கும்போதே எடுத்துவிட்டாள். "அண்ணா! என்னாச்சு இன்டர்வியூ? காலைலேருந்து நினைச்சுக்கிட்டே இருந்தேன்" என்றாள், நூலகத்தில் இருக்கிறாள் போல, குரலைத் தாழ்த்தி. "நல்லா போச்சும்மா" என்றேன். "எனக்குத் தெரியும்ணா, உங்களுக்குக் கிடைக்கலைன்னா வேற யாருக்குக் கிடைக்கும்" என்றாள். பேருந்து ஒன்று வந்து நின்றது, ஆட்கள் என்னை இடித்துக்கொண்டு ஏறினார்கள், நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, "உன்கிட்ட ஒண்ணு..." என்று ஆரம்பித்தேன். சொல்லணும் என்றுதான் வந்திருக்க வேண்டும், அத்தனை படியும் அதைத்தான் சொல்லிக்கொண்டு இறங்கினேன், "...கேக்கணும்" என்று வந்தது. அந்தச் சொல்லின் பின்னால் ஒரு முழு வாக்கியம் தயாராக நின்றுகொண்டிருந்தது, நாளைக்கு ஒரு மேடம் பேசினா நான் அன்னிக்கே சொல்லிட்டதா நீ சொல்லிடும்மா என்று, அதை நான் எந்தப் படியில் ஜோடித்தேன்? "கேளுங்கண்ணா," என்றாள் அவள், "ஒரு நிமிஷம், இங்க பேசக் கூடாது." நாற்காலி நகரும் சத்தம் கேட்டது, வேகமான காலடி கேட்டது, நான் கேட்கப் போவதைச் சரியாகக் கேட்பதற்காக எழுந்து வெளியே வந்துகொண்டிருந்தாள்.